வெளியாள் யாரும் கை வைக்கவில்லை

அத்தியாயம் 4

"இந்த வாரண்டி புத்தகத்தை எழுதினவன் கண்டிப்பா கல்யாணத் தரகனா இருந்திருப்பான் மேடம். முதல் பக்கத்துல எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்ங்கறான். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல, எதுக்கும் எங்களைக் கேட்காதீங்கங்கறான்."

சொல்லிவிட்டு ரேடியோ சிரிப்புக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அவனுக்கு அது பழகிப்போன விஷயம். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்து போகும் அளவுக்கு ஊரெல்லாம் அவனுக்கு ரேடியோ என்றுதான் பெயர். தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் ஓயும். அதுவும் நிச்சயமில்லை என்று அவன் மனைவி சொல்வாள்.

அவனுடைய முதலாளி நேர் எதிர். விபத்தில் சிக்கிய கார்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்வையிட்டுக் காலம் தள்ளியவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் எல்லாருக்கும் அவர் சர்வேயர் மேடம்தான். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அதை மென்று விழுங்கிப் பார்ப்பவர்.

இப்போது இருவரும் சர்வீஸ் சென்டரின் பின்பக்கக் கொட்டகையில், ஒரு பக்கம் முழுக்க உள்ளே போயிருந்த புதுக் காரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எதெதெல்லாம் வாரண்டில வராதுன்னு படி," என்றார் மேடம்.

"டயர் தேய்ஞ்சா வராது. வைப்பர் ரப்பர் போனா வராது. பிரேக் கட்டை வராது. வாடகைக்கு விட்டா வராது, பந்தயம் ஓட்டினா வராது, வெள்ளத்துல விட்டா வராது. எலி கடிச்சா வராதாம் மேடம். எலிக்கு இதெல்லாம் தெரியுமா, தெரிஞ்சுதான் கடிக்குதா? அப்புறம், வருஷக் கணக்கு ஒண்ணு, கிலோமீட்டர் கணக்கு ஒண்ணு. ரெண்டுல எது முதல்ல முடியுதோ அதோட எல்லாம் முடிஞ்சுதாம்."

"கடைசி வரி?"

"அங்கீகாரம் பெறாத வெளியாள் பொருத்திய பொருளால் ஏற்படும் எந்தக் குறைபாட்டுக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது."

மேடம் தலையசைத்தார். அந்த ஒரு வரிதான் இந்த வழக்கு.

தையல்காரக் கட்சிக்காரி அவர்களைத் தேடி வந்தபோது அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கழற்றி வைக்கத் தோன்றாமல் வந்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தானே வளர்த்து ஆளாக்கியவள். அவன் ஆசை ஆசையாக வாங்கிய காரில் ஒரு லாரி பக்கவாட்டில் வந்து மோதியது. பக்கத்திலிருந்து விரிய வேண்டிய ஏர்பேக் விரியவில்லை. தம்பி போய்விட்டான். ஏன் விரியவில்லை என்று கம்பெனியில் போய்க் கேட்டதற்கு, "வெளியாள் கை வச்சிருக்காங்கம்மா. வாரண்டில வராது," என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டார்கள்.

"என் தம்பி அந்தக் காரை ஈ எறும்பு அண்ட விடாம வச்சிருந்தான். வெளியாள் யாரும் கை வைக்கல. கை வச்சது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. யாருமே இல்லன்னா கம்பெனி பொய் சொல்லுதுன்னு கோர்ட்டுல நின்னு கேட்பேன். அவன் கவனக்குறைவாலதான் செத்தான்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவளாகத் தெரிந்தாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். முன் சீட் இரண்டுக்கும் தன் கையாலேயே கவர் தைத்துப் போட்டிருந்தாளாம். மயில் நீலத் துணி, மஞ்சள் நூல், இரட்டைத் தையல். "நான் தைச்சா பிரியாது மேடம். சீட்டோட பக்கத்துல ஒரு குட்டித் துணிப்பட்டை துருத்திக்கிட்டு இருந்துச்சு. சட்டைக் காலர்ல கம்பெனி பேர் போட்டு வைப்பாங்களே, அது மாதிரி. பார்க்க நல்லால்ல. அதையும் சேர்த்து மூடி அழகா தைச்சேன்." அந்தக் கவர் இப்போது காரில் இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். தம்பி கடைசியாக உட்கார்ந்த துணி அது, எப்படியாவது மீட்டுக் கொடுங்கள் என்றாள்.

ஆக, இரண்டு கேள்விகள். கை வைத்த வெளியாள் யார், கவர் எங்கே.

"சீட்டைப் பாரு. என்ன தெரியுது?" என்றார் மேடம்.

ரேடியோ உடைந்த கண்ணாடித் துணுக்குகளைத் தள்ளிவிட்டுக் குனிந்தான். "கவர் இல்லன்னு தெரியுது. திருடன் கொண்டு போயிட்டான்."

"திருடன் கொக்கியைக் கழட்டுவானா, எலாஸ்டிக்கை அறுப்பானா?"

"அறுப்பான். அவனுக்கென்ன, திரும்ப மாட்டவா போறான்?"

"கீழ அறுந்த எலாஸ்டிக் ஏதாவது கிடக்கா? உடைஞ்ச கொக்கி?"

ரேடியோ தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. சீட்டின் அடியில் கைவிட்டு ஒவ்வொரு கொக்கியாக, பொறுமையாக யாரோ கழற்றியிருக்கிறார்கள். அடிக்கடி கழற்றிப் பழகிய கை.

"இப்ப தலை சாய்க்கற இடத்தைப் பாரு."

துணியில் வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தது. சீட்டின் விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்திருந்தது. ஓரத்தில் ஒரு பேனா கசிந்த கோடுகூட இருந்தது.

"வண்டி வந்த கையோட கவர் போட்டாச்சு, அதுக்கப்புறம் கழட்டவே இல்லன்னு அக்கா சொன்னாங்க," என்றார் மேடம். "கவர் மூடின சீட்டுல எண்ணெய் எப்படி ஒட்டும்?"

ரேடியோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "அக்கா பொய் சொல்றாங்களா?"

"இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க சொல்றாங்க."

கொட்டகை வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கவர் காணாமல் போனதைப் பற்றிக் கேட்டதும் ஆட்டுவதை நிறுத்தினார். "என் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது மேடம். இங்க வெளியாள் யாரும் உள்ள வரல."

மேடத்தின் முகத்தில் மெல்லிய மாற்றம் ஒன்று வந்தது. ரேடியோவுக்கு அது தெரியும். மீன் மாட்டியது என்று அர்த்தம்.

"வெளியாள் வரல. ஒத்துக்கறேன். வீட்டு ஆள் யாரு வந்தாங்க?"

வாட்ச்மேன் தரையைப் பார்த்தார். "அந்தக் கார்க்காரரோட வீட்டம்மா வந்தாங்க. கையில கட்டு. அவரோட சாமான் ரெண்டு உள்ள இருக்குன்னு சொன்னாங்க. பார்க்கவே பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். அவங்களை எப்படி மேடம் வெளியாள்னு சொல்றது?"

"சொல்ல முடியாதுதான்," என்றார் மேடம். ரேடியோவின் பக்கம் திரும்பி, "கவனிச்சியா? ஒரே வார்த்தை. கம்பெனிக்கு, அவங்க மெக்கானிக் இல்லாத எல்லாருமே வெளியாள். வீட்டுல இருக்கறவங்களுக்கு, சொந்தம் இல்லாதவங்கதான் வெளியாள். அந்த அக்காகிட்ட நாம தப்பான கேள்வி கேட்டோம்."

ரேடியோவுக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. புரியாமலே இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

சர்வீஸ் மேனேஜர் அவர்களைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மெலிந்த ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"வெளியாள் பொருத்தின பொருள் எது சார்?" என்று மேடம் நேராகவே கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"உங்க வாயால சொல்லுங்க."

"சீட் கவர்." மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளதான் இருக்கு. அதைக் காட்டத்தான் சீட் ஓரத்துல ஒரு துணிப்பட்டை வச்சிருக்கோம். மோதினதும் சீட்டோட ஓரத் தையலைப் பிளந்துக்கிட்டு பை வெளிய வரணும். அதனால அந்த ஒரு இடத்துல நாங்க வேணும்னே பலவீனமான தையல் போடறோம். அதுக்கு மேல ரெட்டைத் தையல் போட்ட கெட்டித் துணி இருந்துச்சுன்னா, பை உள்ளயே முட்டிக்கிட்டு நின்னுடும். நின்னுடுச்சு. முதல் தடவை பார்க்கப் போனப்போ என் கண்ணால பார்த்தேன்."

"விரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியாது மேடம். அதை யாராலயும் சொல்ல முடியாது. விரியலைங்கறது மட்டும் நிஜம்."

"இதை ஏன் சார் அந்த அக்காகிட்ட விவரமா சொல்லல?" ரேடியோ கொஞ்சம் சூடாகவே கேட்டான். "ஒத்தை வரில அனுப்பிட்டீங்க."

மேனேஜர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லத்தான் கூப்பிட்டு உட்கார வச்சேன். அவங்க உட்கார்ந்ததுமே, நான்தான் சார் கவர் தைச்சேன், என் தம்பிக்கு அது உசிருன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல தம்பி. உங்களுக்கு வந்திருக்குமா?"

ரேடியோ கையிலிருந்த வாரண்டி புத்தகத்தை மூடினான்.

"முதல் சர்வீஸுக்கு வந்தப்பவே அவர்கிட்ட எடுத்துச் சொன்னேன்," என்றார் மேனேஜர். "கழட்டிடறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். கழட்டலை போல."

"கழட்டினார் சார்," என்றார் மேடம் எழுந்தபடியே. "சீட் சொல்லுது."

வெளியே வந்து பைக்கில் ஏறிய பிறகுதான் ரேடியோவுக்கு வாய் திறந்தது. "ரெண்டு கேள்வி குடுத்தாங்க மேடம். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமா."

"ஆனா கழட்டினவர் ஏன் திரும்ப மாட்டினார்?"

"அது மூணாவது கேள்வி. வண்டியை எடு."

இறந்தவனின் மனைவி இரண்டாவது மாடியில் இருந்தாள். ஒரு கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. அன்று அவளும் காரில்தான் இருந்தாள். லாரி மோதியது மறுபக்கம். அதனால் கை முறிவோடு போயிற்று. வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆணியில் ஒரு ஆண் சட்டை மட்டும், இப்போதுதான் கழற்றி மாட்டியதைப் போல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தைத்த சட்டைதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. காலர் அவ்வளவு திருத்தம்.

"உங்க சொந்தப் பொருளை நீங்க எடுத்துட்டு வந்திருக்கீங்க. தப்புன்னு சொல்ல வரல," என்றார் மேடம். "எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் மறுத்துப் பார்க்கவில்லை. மறுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டு வந்தாள். உறையின் முடிச்சை ஒரு கையால் அவிழ்க்கத் திணறினாள். ரேடியோ வாங்கி அவிழ்த்தான். பஞ்சு இல்லை. மயில் நீலத் துணி.

அவன் அதை மடியில் போட்டு விரித்தான். துணியில் நெடுக்கும் குறுக்குமாக ஆழமான மடிப்புக் கோடுகள் இருந்தன. உட்கார்ந்து தேய்ந்த அடையாளம் எங்குமே இல்லை. ஓரத்தில் ஓரிடம் மட்டும், உள்ளிருந்து யாரோ முட்டிய மாதிரி புடைத்துத் தளர்ந்திருந்தது. அந்த இடத்தில் மஞ்சள் தையல் இழுபட்டு மெலிந்திருந்தது. ஆனால் பிரியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நூலின் மிச்சங்கள் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டன.

"இது சீட்டுல இருந்ததைவிட மடிச்சு வச்சிருந்ததுதான் ஜாஸ்தி," என்றார் மேடம்.

"டிக்கிலதான் இருக்கும்," என்றாள் அவள். "மேனேஜர் சொன்ன அன்னைக்கே கழட்டிட்டார். அண்ணிகிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன். கேட்கல. அக்கா கண்ணு வலிக்க வலிக்கத் தைச்சது, வேணாம்னு எந்த வாயால சொல்றதுன்னார். அதனால அண்ணி வீட்டுக்குப் போறப்போ மட்டும் தெருமுனைல நிறுத்துவார். ரெண்டு பேரும் இறங்கி, ஆளுக்கு ஒரு சீட்டா மாட்டுவோம். சின்னப் பசங்க மாதிரி சிரிப்போம். அண்ணி வாசல்லயே நிப்பாங்க. முதல்ல அவர் முகத்தைப் பார்ப்பாங்க, அப்புறம் சீட்டைப் பார்ப்பாங்க. அந்த சந்தோஷத்துக்காக. திரும்பி வர்றப்போ அதே தெருமுனைல கழட்டிடுவோம்."

"அன்னைக்கு?"

"அன்னைக்குத் தூறல். நனையுமேன்னு வழக்கமான இடத்துக்கு முன்னாடியே, பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழ நிறுத்தினோம். அங்கேர்ந்து அண்ணி வீட்டுக்கு ஒரே ஒரு நாற்சந்திதான் மேடம்." அவள் நிறுத்தினாள். "அவர் போன் பேசிக்கிட்டிருந்தார். அதனால அவர் சீட்டுக்கும் நானே மாட்டினேன்."

ரேடியோ மடியிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் அவனிடம் ஏதாவது ஒரு பேச்சு இருக்கும். சாவு வீட்டில்கூட யாரையாவது இரண்டு வார்த்தையில் தேற்றிவிடுவான். இப்போது தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"அண்ணிக்குத் தெரியக் கூடாது மேடம்," என்றாள் அவள். "கவர் அங்க இருந்துச்சுன்னா யாராவது அதைக் காட்டி, இதாலதான்னு சொல்லிடுவாங்க. அவங்களால தாங்க முடியாது. கோர்ட்டுக்குப் போனா எல்லாம் வெளிய வந்துடும். எப்படியாவது வேணாம்னு சொல்லிடுங்க. என்னை அவங்க திட்டினாலும் பரவால்ல."

மேடம் வாக்குக் கொடுத்தார். அவர் அவ்வளவு சுலபமாக வாக்குக் கொடுப்பவர் இல்லை.

தையல் கடை ஒரு கதவு அகலம்தான். உள்ளே ஒரு மெஷின், ஒரு பல்பு, தைத்து முடித்த துணிகள் ஒரு பக்கம், தைக்க வேண்டியவை ஒரு பக்கம். கட்சிக்காரி இவர்களைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வழியெல்லாம் மேடம் ரேடியோவுக்குப் பாடம் சொல்லி அழைத்து வந்திருந்தார். கவர் கிடைக்கவில்லை. நீ வாயைத் திறக்காதே.

"கேஸ் நிக்காதும்மா," என்றார் மேடம். "கம்பெனி அந்த வரியை ரொம்ப ஜாக்கிரதையா எழுதியிருக்கு. போனா அலைச்சல்தான் மிச்சம். உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. அதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்."

"கை வச்ச வெளியாள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"வெளியாள் யாரும் இல்லம்மா."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கை நீட்டி, ரேடியோவின் சட்டையிலிருந்து எதையோ எடுத்தாள். தையல்காரர்களுக்கு அது பழக்கம். யார் மேல் நூல் ஒட்டியிருந்தாலும் அந்தக் கை சும்மா இராது. எடுத்ததை பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் நூல்.

"கிடைச்சிருக்கு," என்றாள்.

மேடம் வாயைத் திறந்து மூடினார். ரேடியோ முதலாளியை இந்த நிலையில் பார்த்ததே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தையல் பிரிஞ்சிருந்துச்சா?"

கேட்டது மேடத்தைத்தான். பதில் சொன்னது ரேடியோ. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தும் திறந்துவிட்டான்.

"நல்லா பிரிஞ்சு போச்சுக்கா. நார் நாரா கிழிஞ்சிருக்கு."

தையல்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

"என் தையல் பிரியாது தம்பி."

அவள் அந்த நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"உங்களைப் பார்த்துட்டு வந்த பிறகு, பேன்ட்டைக் குட்டை பண்ண ஒரு டிரைவர் வந்தார். அந்த ஏர்பேக் எங்கேர்ந்து வரும்னு கேட்டேன். சீட்டுக்கு உள்ளேர்ந்துன்னார். அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இவ்வளவு வருஷமா தைக்கறேன், ஒரு தையல்கூடப் பிரியக் கூடாதுன்னுதான் தைச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க, அது மட்டும் பிரிஞ்சிருக்கணும், பிரிஞ்சிருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது, சத்தமே இல்லாமல்.

மேடம் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தார். ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கழட்டச் சொல்லி அவன்கிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருக்காங்க."

"வெளியாள் தைச்சதா இருந்தா, அன்னைக்கே கழட்டி எறிஞ்சிருப்பான்," என்றாள் தையல்காரி.

டிக்கியில் மடித்து வைத்ததை, தெருமுனையில் இருவருமாகச் சிரித்துக்கொண்டே மாட்டியதை, பெட்ரோல் பங்க் கூரையை மேடம் சொல்லவில்லை. ரேடியோவும் சொல்லவில்லை. அது ஒன்றாவது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

"கவர் அவகிட்டதானே இருக்கு? எனக்காக ஒளிச்சு வச்சிருக்கா, பாவம்." அவள் ஒரு துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். ஊசி முனையில் துணி நிற்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரியாதுன்னே நினைச்சுக்கட்டும். கட்டுப்போட்ட கையோட அவ எனக்காக இவ்வளவு பண்ணியிருக்கா."

இருவரும் வெளியே வந்தார்கள். பைக் பக்கத்திலேயே நின்றது. ரேடியோ சாவியைப் போடவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வரவில்லை.

"மேடம்," என்றான் கடைசியில். வழக்கமான குரலைக் கொண்டுவர முயன்றான். "யார்கிட்ட எதைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. எனக்குக் குழம்பிடும்."

மேடம் அவன் சட்டையைப் பார்த்தார். இன்னொரு மஞ்சள் இழை ஒட்டியிருந்தது. அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயும் எதையும் சொல்லாதே," என்றார்.

வீடு போய்ச் சேரும்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.